வடிகட்டலும் மாற்றலும்: ஜாவாஸ்கிரிப்ட் எண் அணிகளின் வரலாறு

எண்களை வரிசையாக அடுக்கி, பூச்சியத்திலிருந்து தொடங்கும் சுட்டெண் ஒன்றை ஒவ்வொன்றுக்கும் கொடுத்து, அடுக்கு முழுவதையும் ஒரே பெயரால் அழைக்கும் ஏற்பாட்டுக்கு நிரல்மொழிகளில் அணி என்று பெயர். அணியிலுள்ள எண்களில் வேண்டியவற்றை மட்டும் நிறுத்திக்கொள்வது வடிகட்டல். ஒவ்வோர் எண்ணையும் ஒரே விதிக்கு உட்படுத்தி வேறு மதிப்பாக்குவது மாற்றல். எல்லாவற்றையும் கூட்டியோ பெருக்கியோ ஒற்றை மதிப்பாகத் திரட்டுவது சுருக்கல். 12, 7, 30, 5 என்ற நான்கு எண்கள் கொண்ட அணியில் பத்துக்கு மேற்பட்டவற்றை வடிகட்டினால் 12, 30 என்ற இரண்டு எஞ்சும். அவற்றை இரட்டித்தால் 24, 60 ஆகும். சுருக்கினால் 84 கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இம்மூன்று வேலைகளையும் முறையே ஃபில்டர், மேப், ரிட்யூஸ் என்ற செயற்கூறுகள் செய்கின்றன. இன்று அம்மொழியைக் கற்கத் தொடங்குவோர் இவற்றை முதல் பாடங்களிலேயே சந்திப்பதால், மொழி பிறந்தபோதே இவையும் உடன் பிறந்தன என்ற எண்ணம் எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. உண்மையில் 1995இல் உருவான அம்மொழியின் தரநிலைக்குள் இவை நுழைந்தது 2009 டிசம்பரில்தான். கருத்தளவில் இவை ஜாவாஸ்கிரிப்ட்டைவிட ஒரு தலைமுறைக்கும் மேல் மூத்தவை. மொழியை வடிவமைத்தவர் இவற்றை அறியாதவரும் அல்லர். எனவே இத்தாமதத்துக்குக் காரணம் அறிவுக் குறைவன்று; அவசரமும் வணிகப் போட்டியும், ஒருமுறை வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாத வலையின் இயல்புமே காரணங்கள்.

ஒரு செயற்கூற்றையே இன்னொரு செயற்கூற்றிடம் உள்ளீடாகக் கொடுப்பது என்ற எண்ணத்திலிருந்துதான் இவ்வரலாறு தொடங்குகிறது. 1958 வாக்கில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் லிஸ்ப் மொழியை உருவாக்கிக்கொண்டிருந்த ஜான் மெக்கார்த்தி, இயற்கணிதக் கோவைகளைக் கணினியைக் கொண்டு வகையிட முயன்றார். பல உறுப்புகளின் கூட்டலை வகையிட வேண்டுமானால் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே வகையிட்டு விடைகளைப் பட்டியலாக்க வேண்டும். இதற்காக அவர் வகுத்துக்கொண்ட செயற்கூறு மேப்லிஸ்ட் எனப்பட்டது. அதனிடம் ஒரு பட்டியலையும் ஒரு செயற்கூற்றையும் கொடுக்க வேண்டும். ஆனால் பெயரில்லாத ஒரு செயற்கூற்றை எழுதிக் காட்டும் குறியீடு அதுவரை நிரலெழுதுவோரிடம் இல்லை. கணிதவியலாளர் அலோன்சோ சர்ச் தருக்க ஆய்வுக்காக உருவாக்கியிருந்த லாம்டா குறியீட்டை மெக்கார்த்தி அதற்காகவே எடுத்துக்கொண்டதாகப் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். லாம்டா இருந்ததால் மாற்றல் வந்தது என்று கருதுவோர் பலர்; மெக்கார்த்தியின் கூற்றுப்படி, மாற்றலின் தேவையே லாம்டாவை நிரல்மொழிக்குள் இழுத்து வந்தது. 1960 ஏப்ரலில் அமெரிக்கக் கணினிச் சங்கத்தின் இதழில் வெளியான அவரது புகழ்பெற்ற கட்டுரையில் மேப்லிஸ்ட் இடம்பெற்றது.

லிஸ்ப் பட்டியல்களின் மொழி. எண் அணிகளையே நடுவில் வைத்துச் சிந்தித்தவர் கென்னத் ஐவர்சன். ஹார்வர்டில் கணிதம் கற்பித்தபோது தொடங்கிய குறியீட்டு முறையை அவர் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தபின் 1962இல் நூலாக வெளியிட்டார். அந்நூலின் ஆங்கிலத் தலைப்பின் முதலெழுத்துகளே பின்னர் ஏபிஎல் என்ற மொழிக்குப் பெயராயின. அவரது முறையில் ஒரு கூட்டல் குறியையும் ஒரு சாய்கோட்டையும் அணியின் முன் இட்டால் அணியின் எண்கள் அனைத்தும் கூட்டப்பட்டுவிடும். பெருக்கல் குறியை இட்டால் பெருக்கப்படும். இதற்கு அவர் இட்ட பெயரே ரிடக்‌ஷன், அதாவது சுருக்கல். ஜாவாஸ்கிரிப்ட்டின் ரிட்யூஸ் இதே சொல்மரபில் வந்தது. வடிகட்டலுக்கும் அவரிடம் தனி வழி இருந்தது. அணியின் நீளத்துக்குச் சமமான, ஒன்றுகளும் பூச்சியங்களும் மட்டுமே கொண்ட இன்னோர் அணியை முன்னே வைத்தால், ஒன்றுக்கு நேரானவை நிற்கும், பூச்சியத்துக்கு நேரானவை விலகும். செயற்கூற்றைக் கொண்டு ஒவ்வோர் உறுப்பாகச் சோதிக்காமல், சோதனையின் விடையையே ஓர் அணியாக வைத்துக்கொள்ளும் இந்த முறை ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வந்து சேரவில்லை. புள்ளியியல் மொழிகளும் பைதானின் நம்பை நூலகமும் அதைக் காத்துவருகின்றன. எண் கூட்டங்களைக் கையாளுவதற்கு ஐவர்சனின் வழியே சுருக்கமானது என்பதில் ஐயமில்லை; படிப்பதற்கு எளியது என்று அதைச் சொல்ல இயலாது.

எழுபதுகளில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் வளர்ந்த ஸ்மால்டாக் மொழி இதே வேலைகளுக்கு வேறு பெயர்களைச் சூட்டியது: மாற்றலுக்குக் கலெக்ட், வடிகட்டலுக்குச் செலெக்ட், சுருக்கலுக்கு இன்ஜெக்ட். இங்கே நிகழ்ந்த முக்கிய மாறுதல் பெயரிலன்று, இடத்தில். லிஸ்ப்பில் செயற்கூறு வெளியே நின்று பட்டியலைப் பெற்றுக்கொண்டது. ஸ்மால்டாக்கில் தொகுப்பே ஒரு பொருளாகி, தன்னை வடிகட்டித் தரும்படி கேட்கப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டில் அணியின் பெயரை எழுதி, ஒரு புள்ளி வைத்து, ஃபில்டர் என்று அழைக்கும் வழக்கத்தின் வேர் இதுவே. ஒரு விடையின் மேல் அடுத்த அழைப்பைத் தொடுத்து வலப்புறமாக நீட்டிக்கொண்டே போகும் எழுத்துமுறைக்கும் இந்த இடமாற்றமே வழி செய்தது.

1995 ஏப்ரலில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் சேர்ந்த பிரெண்டன் ஐக், உலாவிக்குள் ஸ்கீம் மொழியை அமைக்கலாம் என்ற எதிர்பார்ப்புடன் அழைத்து வரப்பட்டவர். ஸ்கீம் என்பது 1975இல் ஜெரால்ட் சஸ்மனும் கை ஸ்டீலும் உருவாக்கிய, லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய மொழி. ஆனால் சன் நிறுவனத்தின் ஜாவாவுடன் நெட்ஸ்கேப் கைகோத்த நிலையில், புதிய மொழி தோற்றத்தில் ஜாவாவைப் போல இருக்க வேண்டும் என்று நிர்வாகம் விரும்பியது. அவ்வாண்டு மே மாதத்தில் ஐக் பத்து நாள்களில் எழுதிய முதல் மாதிரியில், வெளித்தோற்றம் ஜாவாவினுடையதாகவும், செயற்கூறுகளை மதிப்புகளாகவே கருதும் கொள்கை ஸ்கீமினுடையதாகவும், பொருள்கள் ஒன்றிலிருந்து ஒன்று பண்புகளைப் பெறும் முறை செல்ஃப் என்ற ஆய்வு மொழியினுடையதாகவும் அமைந்தன. மேப், ஃபில்டர் ஆகியவற்றுக்கு அடிப்படைத் தேவை செயற்கூறுகளை மதிப்பாகக் கையளிக்க முடிவது. அது முதல் நாளிலிருந்தே மொழியில் இருந்தது. இல்லாதது அணி.

இது மிகையாகத் தோன்றலாம். 1996இல் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 பதிப்பில் அணி என்ற தனி வகையே கிடையாது. அணி வேண்டுவோர் தாமே ஒரு சிறு செயற்கூறு எழுதி, வெற்றுப் பொருளொன்றில் எண்களைப் பண்புகளாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. நிறுவனத்தின் கையேடே அதற்கு மாதிரி கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 3.0 பதிப்பில்தான் அணி முறையாகச் சேர்ந்தது. அப்போதும் அதனுடன் வந்த கருவிகள் மிகச் சில: உறுப்புகளை ஒட்டிச் சரமாக்குவது, திருப்பிப் போடுவது, வரிசைப்படுத்துவது. 1997 ஜூனில் எக்மா என்ற ஐரோப்பியத் தர அமைப்பு வெளியிட்ட முதல் தரநிலையிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. ஸ்கீமை உருவாக்கிய இருவரில் ஒருவரான கை ஸ்டீலே அத்தரநிலையின் பதிப்பாசிரியராக இருந்தும் மேப் அதில் நுழையவில்லை. அது விந்தையன்று, ஏற்கெனவே உலாவிகளில் இருப்பதைப் பதிவு செய்வதே அக்குழுவின் பணியாக இருந்தது.

அந்த முதல் கருவிகளுள் வரிசைப்படுத்தும் சார்ட் மட்டும் சற்று நின்று பார்க்கத் தக்கது, ஏனெனில் எண் அணிகளைக் கையாளுவோரை அது இன்றளவும் இடறுகிறது. 10, 9, 1 என்ற அணியை வெறுமனே வரிசைப்படுத்தச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் 1, 10, 9 என்று விடையளிக்கும். அது ஒவ்வோர் உறுப்பையும் முதலில் எழுத்துச் சரமாக மாற்றி, அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுகிறது. ஒன்றில் தொடங்கும் பத்து, ஒன்பதுக்கு முன்னால் போய் நிற்கிறது. கழித்தல் குறியுடைய எண்களில் குழப்பம் இன்னும் கூடுதல்: −1, −2 இரண்டில் சிறியது −2 ஆயினும், −1 முன்னே வைக்கப்படும். இம்மொழியின் அணியில் எண், சரம், பொருள் என எதுவும் கலந்திருக்கலாம். எல்லா வகைக்கும் பொதுவாக எழுத்து வடிவம் ஒன்று உண்டு என்பதால் ஒப்பீட்டுக்கு அதைத் தேர்ந்தது ஒருவகையில் புரிந்துகொள்ளத் தக்கதே. ஆனால் எண்கள் மட்டுமே உள்ள அணியைக் கண்டால் எண்களாகவே ஒப்பிடலாம் என்ற விதிவிலக்கு சேர்க்கப்படாதது பெருங்குறை. ஒற்றை இலக்க எண்களைக் கொண்டு சோதிக்கும்வரை பிழை தலைகாட்டாது என்பது இதன் கொடுமை. சரியான விடை வேண்டுமானால், இரண்டு எண்களை வாங்கி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துத் தரும் ஒப்பீட்டுச் செயற்கூறு ஒன்றை உடன் கொடுக்க வேண்டும். ஒரு வகையில், அணிக்குச் செயற்கூற்றை உள்ளீடாகக் கொடுக்கும் பழக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் நிரலர்களுக்கு முதன்முதலில் கற்பித்தது இந்தக் குறையுள்ள கருவியே.

1999 டிசம்பரில் வந்த மூன்றாம் தரநிலை, அணியின் இரு முனைகளிலும் உறுப்புகளைச் சேர்க்கவும் எடுக்கவும், நடுவில் வெட்டவும் வழி செய்தது; வடிகட்டலும் மாற்றலும் அப்போதும் வரவில்லை. அந்நாளைய நிரலர் பத்துக்கு மேற்பட்ட எண்களைத் தேர வேண்டுமானால், வெற்று அணியொன்றைத் தொடங்கி, சுட்டெண்ணைப் பூச்சியத்தில் வைத்து, நீளத்தை எட்டும்வரை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு மடக்கு ஒன்றை எழுதி, அதற்குள் ஒரு நிபந்தனையைப் போட்டு, பொருந்தியதைப் புதிய அணியில் தள்ளினார். படிவங்களில் மின்னஞ்சல் முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும், சுட்டியை நகர்த்தினால் படத்தை மாற்றவும் பயன்பட்ட மொழிக்கு அது போதுமானதாகவே கருதப்பட்டது.

இந்நிலை மாறியது 2005இல். பக்கத்தை மீண்டும் ஏற்றாமலேயே வழங்கியிலிருந்து தரவைப் பெறும் அஜாக்ஸ் முறை அவ்வாண்டு பெயர் பெற்றுப் பரவியதால், உலாவிக்குள் தரவுப் பட்டியல்களைக் கையாள வேண்டிய தேவை திடீரெனப் பெருகியது. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வலைக் கட்டமைப்புக்குத் துணையாகச் சாம் ஸ்டீபன்சன் எழுதிய புரோட்டோடைப் என்ற நிரல்நூலகம், ஜாவாஸ்கிரிப்ட் அணிகளுக்குக் கலெக்ட், செலெக்ட், இன்ஜெக்ட் என்ற செயற்கூறுகளைச் சேர்த்தது. ஸ்மால்டாக்கிலிருந்து ரூபிக்கும் ரூபியிலிருந்து உலாவிக்கும் வந்து சேர்ந்த அப்பெயர்களில் ஒரு பரம்பரைத் தொடர்ச்சி உண்டு. ஜப்பானில் யூகிஹிரோ மட்சுமோட்டோ ரூபியைப் பொதுவெளியில் வெளியிட்டதும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயர் அறிவிக்கப்பட்டதும் ஒரே மாதத்தில், 1995 டிசம்பரில்; பத்தாண்டுகள் கழித்து முன்னது பின்னதற்குத் தன் சொற்களைக் கடன் கொடுத்தது. ஆனால் புரோட்டோடைப் இச்செயற்கூறுகளைத் தனக்கென்று ஒரு பெயரின்கீழ் வைக்காமல், எல்லா அணிகளும் பண்புகளைப் பெறும் மூலப்பொருளிலேயே நேரடியாகப் பதித்தது. பயன்படுத்த இனிமையாக இருந்த இந்த முறையை வேறு நூலகங்களும் பின்பற்றின. அதற்கான விலை பின்னாளில் வந்தது.

அதே 2005 நவம்பரில் மொசில்லா வெளியிட்ட ஃபயர்பாக்ஸ் 1.5 உலாவி, தரநிலைக்குக் காத்திராமல், ஃபில்டர், மேப், ஃபார்ஈச், சம், எவ்ரி ஆகியவற்றை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. ரிட்யூஸ் 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3 வரை காத்திருந்தது. மொசில்லா எடுத்த ஒரு முடிவு இங்கே குறிப்பிடத்தக்கது: உள்ளீடாகக் கொடுக்கப்படும் செயற்கூற்றுக்கு உறுப்பை மட்டும் அனுப்பாமல், உறுப்பு, அதன் சுட்டெண், முழு அணி என்ற மூன்றையும் அனுப்புவது. லிஸ்ப் மரபில் இத்தாராளம் கிடையாது. இதன் பயன் பெரிது. இதனால் விளைந்த புதிர்களும் உண்டு. எண்களாக எழுதப்பட்ட "10", "10", "10" என்ற மூன்று சரங்கள் கொண்ட அணியை, சரத்தை முழு எண்ணாக்கும் பார்ஸ்இன்ட் என்ற செயற்கூற்றைக் கொடுத்து மாற்றினால், விடை 10, எண் அல்லாதது, 2 என்று வரும். பார்ஸ்இன்ட் இரண்டாவது உள்ளீடாக எண்முறையின் அடிமானத்தை எதிர்பார்க்கிறது. மேப் அனுப்புவதோ சுட்டெண். பூச்சியம் வந்தால் வழக்கமான பத்தடிமானம் என்று கொள்கிறது. ஒன்றை அடிமானமாகக் கொண்ட எண்முறையை அது ஏற்பதில்லை. இரண்டடிமானத்தில் 10 என்பது இரண்டே. மூன்று விடைகளும் விதிப்படி சரியானவை, சேர்த்துப் பார்த்தால் அபத்தமானவை. 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி நூலகமோ உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் தன் செயற்கூற்றில் சுட்டெண்ணை முன்னும் உறுப்பைப் பின்னும் அனுப்பியதால், இரண்டையும் கலந்து எழுதிய ஒரு தலைமுறை நிரலர்கள் எது முதலில் என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அக்காலத்தில் இக்கருத்துகளுக்கு வெளியிலிருந்தும் மதிப்புக் கூடியது. 2004 டிசம்பரில் கூகுளின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் ஆயிரக்கணக்கான கணினிகளில் தரவைப் பகிர்ந்து கையாளும் முறையை விளக்கி எழுதிய ஆய்வுரைக்கு, லிஸ்ப்பின் இரண்டு சொற்களையே இணைத்து மேப்ரிட்யூஸ் என்று பெயரிட்டிருந்தனர். 2006 ஆகஸ்டில் நிரலாளர்களிடையே பெயர் பெற்ற கட்டுரையாளர் ஜோயல் ஸ்போல்ஸ்கி, அம்முறையின் அடிப்படையை விளக்கும் கட்டுரையை ஜாவாஸ்கிரிப்ட் எடுத்துக்காட்டுகளுடன் எழுதினார். விளையாட்டு மொழி என்று ஒதுக்கப்பட்டதற்குள் ஸ்கீமின் சாரம் இருக்கிறது என்பது அதைப் படித்த பலருக்குப் புதுச் செய்தி. வேடிக்கை என்னவென்றால், சரியாக அந்த ஆண்டுகளில்தான் பைதான் எதிர்த் திசையில் நடந்தது. 1994 முதல் மேப், ஃபில்டர், ரிட்யூஸ் மூன்றையும் கொண்டிருந்த அம்மொழியில், ரிட்யூஸ் கொண்ட நிரலைப் படித்துப் புரிந்துகொள்வது கடினம் என்று அதன் படைப்பாளர் கைடோ வான் ரோசம் 2005இல் வாதிட்டார். 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில் அது முதன்மை இடத்தை இழந்து துணைத் தொகுதி ஒன்றுக்குள் ஒதுக்கப்பட்டது. கூட்டல், பெருக்கல் தவிர்த்த சிக்கலான சுருக்கல்களைப் பற்றிய அவரது முறையீட்டில் நியாயம் உண்டு. வழக்கமான மடக்கில் தெளிவாகச் சொல்லக்கூடியதை ரிட்யூஸில் திணித்து எழுதப்பட்ட நிரல்கள் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் இன்று ஏராளம்.

தரநிலைக்குள் இவை நுழைந்த கதையில் அரசியலும் கலந்தது. மூன்றாம் தரநிலைக்குப்பின், வகுப்புகளும் வகைக் குறிப்புகளும் கொண்ட பெரிய மொழியாக நான்காம் தரநிலையை உருவாக்க மொசில்லா, அடோபி ஆகியவை ஒருபுறம் முயன்றன. மைக்ரோசாஃப்ட்டும், யாகூவின் சார்பில் டக்ளஸ் கிராக்ஃபோர்டும் மறுபுறம் நின்று, சிறிய திருத்தங்களே போதும் என்றனர். 2008 ஜூலையில் ஆஸ்லோவில் நடந்த கூட்டத்தில் நான்காம் தரநிலை கைவிடப்பட்டது. சண்டைக்கு இடமில்லாத, ஏற்கெனவே ஓர் உலாவியில் இயங்கிப் பழகிய சிறு வசதிகள் மட்டும் எஞ்சின. ஃபில்டரும் மேப்பும் ரிட்யூஸும் அவற்றுள் அடங்கும். 2009 டிசம்பர் 3 அன்று ஐந்தாம் தரநிலையாக அவை ஏற்கப்பட்டன. பெருந்திட்டத்தின் தோல்விதான் இந்தச் சிறு செயற்கூறுகளைக் கரையேற்றியது.

தரநிலையில் இடம்பெற்றதும் எல்லோரும் பயன்படுத்தத் தொடங்கினர் என்று கொள்ளலாகாது. மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2011 மார்ச்சில் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் இவற்றை அறிந்தது. அப்பதிப்போ விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்காது. அலுவலகங்களிலும் இணைய மையங்களிலும் எக்ஸ்பி கணினிகள் நிறைந்திருந்த அந்நாள்களில் எட்டாம் பதிப்பையும் மனத்தில் வைத்தே நிரல் எழுத வேண்டியிருந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் முடித்துக்கொள்ளும்வரை இந்நிலை நீடித்தது. அந்த இடைவெளியை நிரப்பியவை இரண்டு. ஒன்று, உலாவியில் ஃபில்டர் இல்லையெனில் அதே பெயரில் அதே வேலையைச் செய்யும் செயற்கூற்றைப் பொருத்திவிடும் பாலிஃபில் எனப்படும் ஒட்டுநிரல்கள். மற்றொன்று, 2009 அக்டோபரில் ஜெரெமி அஷ்கெனாஸ் வெளியிட்ட அண்டர்ஸ்கோர் நூலகம். புரோட்டோடைப் செய்த தவற்றைத் தவிர்த்து, அணியின் மூலப்பொருளைத் தொடாமல், அடிக்கோட்டுக் குறி ஒன்றையே பெயராகக் கொண்டு தன் செயற்கூறுகளை அது தனியே வைத்துக்கொண்டது. தரநிலையைப் படித்து ஃபில்டரைக் கற்றவர்களைவிட இந்நூலகத்தின் வழியே கற்றவர்கள் மிகுதி எனலாம்.

2015 ஜூனில் வந்த ஆறாம் தரநிலை, செயற்கூற்றை அம்புக்குறி கொண்டு சுருக்கமாக எழுதும் முறையைத் தந்தது. ஓர் எண்ணை இரட்டிக்கும் விதியை எழுத அதுவரை ஃபங்ஷன், ரிட்டர்ன் என்ற இரண்டு சொற்களும் இரட்டை அடைப்புகளும் தேவைப்பட்டன. இப்போது ஓர் அம்பு போதும். வடிகட்டலையும் மாற்றலையும் மடக்கைவிட எழுத இலகுவாக்கியது இந்தச் சுருக்கமே என்பதால், இச்செயற்கூறுகளின் உண்மையான பரவலை 2009இலிருந்தன்றி 2015இலிருந்து கணக்கிடுவதே பொருத்தம். அதே தரநிலைக்காகப் பேசப்பட்டு, மொசில்லா 2006 முதல் தன் உலாவியில் நடைமுறைப்படுத்தியும் வைத்திருந்த, வடிகட்டலையும் மாற்றலையும் ஒரே அடைப்புக்குள் எழுதும் பைதான் பாணித் தொகுப்புக் கோவை 2014இல் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் ஃபயர்பாக்ஸும் அதைக் கைவிட்டது.

எண் அணிகளுக்கென்றே பிறந்த ஒரு வகையும் இதே தரநிலையில் இடம்பெற்றது. முப்பரிமாணப் படங்களை உலாவியில் வரையும் வெப்ஜிஎல்லுக்காக, ஒரே அளவுள்ள எண்களை மட்டும் நினைவகத்தில் நெருக்கமாக அடுக்கும் வகையணிகள் உருவாக்கப்பட்டிருந்தன. சாதாரண அணியில் ஒவ்வோர் எண்ணும் 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணாகக் கொள்ளப்படுகிறது. வகையணியில் எட்டு பிட் முழு எண் முதல் பல அளவுகள் உண்டு. மேப், ஃபில்டர், ரிட்யூஸ் மூன்றும் இவற்றுக்கும் கொடுக்கப்பட்டன, ஒரு நுட்பமான வேறுபாட்டுடன்: எட்டு பிட் வகையணியை மாற்றினால் விடையும் எட்டு பிட்டுக்குள்ளேயே அடங்க வேண்டும், ஆகவே 150ஐ இரட்டித்தால் 300 வருவதில்லை, 256 போக எஞ்சிய 44தான் வரும். மறுபுறம், வகையணியின் சார்ட் எண்களை எண்களாகவே ஒப்பிடுகிறது. பழைய கடப்பாடு இல்லாத இடத்தில் தரநிலைக் குழு சரியானதைச் செய்தது என்பதற்கு இது சான்று.

பழைய கடப்பாடு எவ்வளவு வலியது என்பதை 2018 வசந்தத்தில் எழுந்த சர்ச்சை காட்டியது. அணிக்குள் அணியாக இருக்கும் எண்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் செயற்கூற்றுக்கு ஃப்ளாட்டன் என்று பெயரிட டிசி39 எனப்படும் தரநிலைக் குழு எண்ணியிருந்தது. ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதைச் சேர்த்ததும் சில பழைய தளங்கள் பழுதாயின. 2006இல் தோன்றிய மூடூல்ஸ் நூலகம், அணியின் மூலப்பொருளில் இதே பெயரில் தன் செயற்கூற்றை ஏற்கெனவே பதித்திருந்ததுடன், அங்குள்ளவற்றை ஒவ்வொன்றாக எண்ணியெடுத்து வேறொரு பொருளுக்குப் படியெடுத்தும் வந்தது. மொழியிலேயே அப்பெயர் பிறந்துவிட்டால் அது எண்ணியெடுக்கும்போது கண்ணில் படாத பண்பாகிவிடும், படியெடுப்பு நின்றுபோகும். ஃப்ளாட்டனுக்குப் பதில் நசுக்குதல் என்று பொருள்படும் ஸ்மூஷ் என்ற பெயர் கேலியாக முன்மொழியப்பட, அதை உண்மையென நம்பி நிரலர்கள் கொதித்தனர். மே மாதத்தில் ஃப்ளாட் என்ற பெயரில் குழு உடன்பட்டது. 2019 தரநிலையில் அது இடம்பெற்றது. அணியில் ஒரு மதிப்பு உள்ளதா எனப் பார்க்கும் இன்க்ளூட்ஸுக்கு முதலில் நினைத்த பெயர் கன்டெய்ன்ஸ் என்பதும், அதே மூடூல்ஸ் காரணமாகவே அது மாற்றப்பட்டதும் இவ்வகைக்கு முந்திய எடுத்துக்காட்டு. கைவிடப்பட்ட நூலகம் ஒன்றைப் பயன்படுத்தும் மறக்கப்பட்ட தளங்களுக்காக உலகப் பொதுமொழி தன் சொல்லை மாற்றிக்கொள்வது சிலருக்குப் பலவீனமாகத் தெரிந்தது. 1996இல் எழுதிய பக்கமும் இன்று திறக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்றுக்கொண்டபின் வேறு வழியில்லை. அக்கொள்கையே வலையை இத்தனை காலம் நிலைக்கவைத்தது.

ஃபில்டரும் மேப்பும் அடுத்தடுத்துத் தொடுக்கப்படும்போது ஒவ்வொரு படியிலும் ஒரு புதிய இடைநிலை அணி உருவாகிறது என்பது நெடுநாள் குறை. பத்து இலட்சம் எண்களை வடிகட்டி, மாற்றி, முதல் ஐந்தை மட்டும் எடுக்கும் நிரல், தேவையற்ற இலட்சக்கணக்கான விடைகளையும் கணக்கிட்டுவிட்டுத்தான் ஓயும். செயற்கூற்று மொழி ஆய்வாளர்கள் எண்பதுகளிலேயே ஆராய்ந்த இச்சிக்கலுக்கு, கேட்கும்போது மட்டும் ஒவ்வோர் உறுப்பாகத் தரும் சோம்பல் முறை மதிப்பீடு ஒரு தீர்வு. ஜாவாஸ்கிரிப்ட்டின் 2025 தரநிலையில் சேர்ந்த இட்டரேட்டர் துணைச் செயற்கூறுகள் இத்தீர்வை அதே மேப், ஃபில்டர் என்ற பெயர்களிலேயே வழங்குகின்றன. ஐந்தாவது விடை கிடைத்ததும் வேலை நின்றுவிடும்.

இதற்கு ஈராண்டுகள் முன்பு, 2023 தரநிலையில், மூல அணியைக் கலைக்காமல் வரிசைப்படுத்திய படியைத் தரும் டூசார்ட்டட் சேர்க்கப்பட்டது. புதுப் பெயர் என்பதால் பழைய தளங்கள் எதையும் அது உடைக்காது. எண்களை எண்களாக ஒப்பிடும் விதியை அதற்கு இட்டிருக்கலாம். சார்ட்டோடு முரண்படக் கூடாது என்ற ஒழுங்குக்காக அவ்வாறு செய்யப்படவில்லை. ஆகவே ஒப்பீட்டுச் செயற்கூறு இன்றி அழைத்தால், அதுவும் 10ஐ 9க்கு முன்னால்தான் வைக்கிறது.